தன் மேலேயே விசில் ஊதிய பவுசர் அண்ணை

தான் விட்ட பிழைக்குத் தானே விசில் ஊதி, தன்னையே மைதானத்தை விட்டு வெளியேற்றிக்கொண்ட நடுவர் ஒருவர் இந்தப் பூமியில் பிறந்திருக்கிறார் என்றால், அவர் எங்கள் கிளிநொச்சிப் பக்கத்தில்தான் பிறந்திருக்கிறார். வேறு ஏதோ நாட்டில் இன்னொருவர் இருப்பதாக யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். அப்படி இரண்டு பேரை ஒரே காலத்தில் இந்தப் பூமி தாங்காது.

அவருக்குப் பெயர் பவுசர் அண்ணை. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு ஒன்று கட்டாயம் இருக்கும். பதினொரு வருடம் பழகியும் எனக்கு அது தெரியாது. புள்ளிகள் பதியும் தாளில் நடுவரின் பெயர் எழுத வேண்டிய இடத்திலும் ‘பவுசர்’ என்றுதான் எழுதுவார்கள். அவரும் அதன் கீழே பேசாமல் கையெழுத்து வைப்பார். தொழில், தண்ணீர்த் தாங்கி பூட்டிய லொறியான பவுசர் ஓட்டுவது. வெயில் ஏறிக் கிணறுகள் வற்றிப்போனால் முரசுமோட்டையிலிருந்து பூநகரிக் கரை வரைக்கும் குடிதண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பவர் அவர்தான். மிச்ச நேரத்தில் பள்ளிக்கூடங்களின் கூடைப்பந்துப் போட்டிகளுக்கு நடுவர். நடுவர் சோதனையில் சித்தியடைந்த சான்றிதழை லமினேட் பண்ணிப் பவுசரில் கண்ணாடிக்கு மேலே செருகி வைத்திருப்பார். பொலிஸ் மறித்து லைசன் கேட்டால் முதலில் அதைத்தான் எடுத்து நீட்டுவார் என்று ஒரு கதை உண்டு.

என்னைப் பற்றியும் ஒரு சொல் சொல்லிவிட வேண்டும். நான் கணித ஆசிரியர். கூடைப்பந்து பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் கூடை மேலே இருக்கும் என்பது மட்டுமே. “சேர் நல்ல உயரம்” என்று அதிபர் ஒரு காரணம் சொல்லி, பெண் பிள்ளைகளின் கூடைப்பந்து அணியை என் தலையில் கட்டிவிட்டார். எங்கள் பிள்ளைகள் சின்ன வயதிலிருந்தே வலைப்பந்து விளையாடியவர்கள். வலைப்பந்தில் பந்து கைக்கு வந்தால் நின்றுவிட வேண்டும். கூடைப்பந்தில் தட்டிக்கொண்டு ஓட வேண்டும். முதல் வருடம் எங்கள் பிள்ளைகள் பந்து கிடைத்த உடனே வேரூன்றி நின்றார்கள். எதிரணிப் பிள்ளைகள் வந்து மரியாதையாக வாங்கிக்கொண்டு போனார்கள். அந்த ஆட்டத்துக்கும் பவுசர் அண்ணைதான் நடுவர். பாதி நேரத்தில் என்னிடம் வந்து சொன்னார்.

“சேர், உங்கடை பிள்ளைகள் நல்ல ஒழுக்கம். ஆனா இது வேற விளையாட்டு.”

அவர் ஒரு போட்டிக்கு வருவதே பார்க்க வேண்டிய காட்சி. எட்டு மணிக்கு ஆட்டம் என்றால் ஆறு மணிக்கே பவுசர் பள்ளிக்கூட வாசலில் நிற்கும். எங்கள் பக்கத்து மைதானங்கள் நடுவில் ஒரு துண்டு சீமெந்து, சுற்றிவரச் செம்மண். ஒரு பிள்ளை விழுந்து எழும்பினால் ஐந்து நிமிடத்துக்கு எதிரணி தெரியாது. பவுசர் அண்ணை, தாங்கியின் அடியில் மிஞ்சிக் கிடக்கும் தண்ணீரைச் சீமெந்தில் ஒரு துளி படாமல் சுற்றிவரத் தெளித்துப் புழுதியை அடக்குவார். பிறகு முடிச்சுப் போட்ட ஒரு கயிற்றை எடுத்துக்கொண்டு அளக்கத் தொடங்குவார். பூசிய வர்ணம் அழிந்துபோன இடங்களில், கயிறு பிடித்துத் தன் கையாலேயே சுண்ணாம்புக் கோடு இழுப்பார். கோடு காயும்வரை யாரையும் மைதானத்துக்குள் விடமாட்டார். அதிபரையும்தான்.

ஒரு பள்ளிக்கூடத்தில் தண்டனை எறிகைக் கோடு கூடைக்கு அரை அடி கிட்ட இருந்ததைக் கயிறு காட்டிக் கொடுத்துவிட்டது. அந்தப் பள்ளிப் பிள்ளைகள் மூன்று வருடமாகத் தண்டனை எறிகையில் புலிகள் என்று பெயர் எடுத்திருந்தார்கள். அதிபர் ஓடி வந்தார்.

“அண்ணை, எங்கடை பிள்ளைகள் இதிலதான் பழகினவை.”

“ஓம் சேர். கோடு பிழை எண்டு உங்கடை பிள்ளைகளுக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. பாவம் அதுகள்.”

கோட்டை அழித்துப் புதிதாக இழுத்து, காயும்வரை காத்திருந்து, ஒரு மணி நேரம் பிந்தித்தான் ஆட்டம் தொடங்கியது. அன்று அந்த அணி எறிந்த பதினாறு தண்டனை எறிகைகளில் இரண்டுதான் உள்ளே போயின.

இதைவிடப் பெரிய கூத்து இன்னொன்று. ஒரு வருடத் தொடக்க விழாவுக்குப் பிரதம விருந்தினராகப் பெரிய உத்தியோகத்தர் ஒருவர் வந்தார். மாலை போட்டார்கள். பாண்ட் அடித்தார்கள். முதல் பந்தைக் கூடைக்குள் போட்டுப் போட்டியைத் தொடக்கி வைக்கச் சொல்லிக் கையில் பந்தைக் கொடுத்தார்கள். மனுசன் பந்தை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கமராக்காரருக்கு முகம் காட்டியபடி கூடையை நோக்கி நடந்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. விசில் கிழித்தது.

“ஐயா, ரவலிங்.”

பந்தைத் தட்டாமல் நடந்த குற்றம் அது. ஐயாவோ அது தனக்குக் கொடுத்த மரியாதை என்று நினைத்து, விசிலுக்குத் தலை வணங்கினார். பவுசர் அண்ணை போய்ப் பணிவோடு பந்தைக் கையிலிருந்து எடுத்து, பக்கக் கோட்டுக்கு வெளியே வைத்துவிட்டார். கூடைக்குள் பந்து போடாமலே தொடங்கி வைக்கப்பட்ட போட்டி எங்கள் மாவட்டத்தில் அது ஒன்றுதான். “அவருக்கும் ஒரு சட்டம், பிள்ளையளுக்கு ஒரு சட்டமோ?” என்று பின்னர் என்னிடம் கேட்டார்.

பிள்ளைகளோடு அவர் கதைக்கும் விதமே தனி. விசில் ஊதிவிட்டுக் கையைக் காட்டிவிட்டுப் போகும் ஆள் இல்லை. ஒவ்வொரு பிழைக்கும் ஒரு வரி விளக்கம் இருக்கும். எதிரணிப் பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்த எங்கள் பிள்ளை, “அண்ணை, நான் பந்தைத்தான் பிடிச்சனான்” என்று அழாக்குறையாகச் சொன்னாள். அவர் சொன்ன பதில், “பந்து உங்கடைதான் பிள்ளை. கை அவவின்ரை. அதைக் குடுத்துவிடுங்கோ.” அவள் சிரித்துக்கொண்டு கையை விட்டாள்.

ஆனால் நான் சொல்ல வந்தது அவருடைய வலது மணிக்கட்டைப் பற்றி. அதில் எப்போதும் ஐந்து றப்பர் பான்ட் கிடக்கும். பயத்தங்காய்க் கட்டுகளில் சந்தையில் போட்டுக் கொடுப்பார்களே, அதே றப்பர் பான்ட். ஆட்டத்தின் நடுவில் அவர் ஒரு பிழை விட்டுவிட்டார் என்று அவருக்கே தெரிந்தால், விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்தி, புள்ளி பதிகிற மேசையைப் பார்த்து நிமிர்ந்து நின்று, கையை உயர்த்துவார்.

“நடுவர். ஒண்டு.”

பிறகு ஒரு றப்பர் பான்டைக் கழற்றி இடது கைக்கு மாற்றுவார். மேசையில் இருப்பவர்கள் அதைத் தாளில் எழுத வேண்டும். எழுதும் மட்டும் ஆட்டம் தொடங்காது. ஒரு விளையாட்டுக்காரர் ஐந்து ஃபவுல் விட்டால் வெளியே போக வேண்டும் என்பது கூடைப்பந்துச் சட்டம். நடுவரும் ஐந்து பிழை விட்டால் வெளியே போக வேண்டும் என்பது பவுசர் அண்ணை தனக்குத் தானே போட்ட சட்டம். முதல் தடவை பார்த்தபோது, ஆளுக்கு வெயில் பிடித்துவிட்டது என்றுதான் நினைத்தேன். இரண்டாம் தடவை பார்த்தபோது என் உடம்பு சிலிர்த்தது. இன்றைக்கும் அப்படித்தான்.

ஏன் இந்த வேலை என்று ஒரு நாள் அவரிடமே கேட்டேன். பவுசர் படியில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

“நான் விசில் தூக்கின முதல் வருஷம் சேர். ஒரு பிள்ளைக்கு அஞ்சாவது ஃபவுல் குடுத்து வெளியில அனுப்பினன். நல்லா விளையாடுற பிள்ளை. பிறகு யோசிச்சுப் பாத்தால், இடிச்சது அவ இல்லை, பக்கத்தில நிண்ட பிள்ளை. அவ அதுக்குப் பிறகு விளையாட வரேல்லை. பிழை விட்டது நான் சேர். வெளியில போனது அவ.”

கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு எழும்பிப் போய்விட்டார்.

இப்படிப்பட்ட மனுசனைத்தான் எட்டு வருடமாக நான் கோட்டுக்கு வெளியே நின்று கத்திக் கத்தித் திட்டினேன். எங்கள் பள்ளிக்கூடம் ஒரு தடவைகூட மாகாணப் போட்டிக்குப் போனதில்லை. தோற்கும்போதெல்லாம் யாரையாவது குற்றம் சொல்ல வேண்டியிருந்தது. பிள்ளைகளைச் சொல்ல மனம் வராது, என்னைச் சொல்ல மனம் அதிலும் வராது. “றெஃபரி, கண் தெரியேல்லையோ?” என்று நான் போடும் சத்தம் பரந்தன் சந்தி வரைக்கும் கேட்கும் என்று சக ஆசிரியர்கள் பகிடி பண்ணுவார்கள். ஒரு தடவை பாதி நேரத்தில் பவுசர் அண்ணை நேராக என்னிடம் வந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்து ஒரு அடி பின்னுக்குப் போனேன்.

“சேர், இண்டைக்கு நீங்கள் ஏழு தரம் கத்தினீங்கள். ஆறு பிழை. ஒண்டு சரி.”

மேசைப் பக்கம் திரும்பிக் கையை உயர்த்தினார். அந்த ஒன்றுக்காக ஒரு றப்பர் பான்ட் இடது கைக்குப் போனது. நான் கத்தியதை எண்ணியதுமல்லாமல், ஒவ்வொன்றையும் யோசித்தும் பார்த்திருக்கிறார். வீட்டில்கூட என் கதையை அப்படி யாரும் கேட்பதில்லை.

அவருடைய இடது கைக்கு மூன்று றப்பர் பான்டுக்கு மேல் போனதை யாரும் கண்டதில்லை. மூன்று வருடத்துக்கு முன் நடந்த அந்த இறுதி ஆட்டம் வரைக்கும்.

எங்கள் பிள்ளைகளும் பூநகரிப் பக்கக் கரையோரப் பள்ளிக்கூடம் ஒன்றின் பிள்ளைகளும் மோதினார்கள். வெல்லும் அணி மாகாணப் போட்டிக்குப் போகும். அவர்களுக்குப் பொறுப்பாக வந்தவர் கன்னியர் மடத்துச் சிஸ்டர் ஒருவர். வெள்ளை உடுப்பில் ஒரு புழுதி இல்லாமல், கோட்டுக்கு வெளியே கதிரையில் அசையாமல் இருந்தா. அவவின் பிள்ளைகள் கடலுக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகள். இருட்டோடு எழும்பி, கிடைத்த முதல் பஸ்ஸில் வந்திருந்தார்கள். ‘பவுசர் அவைக்குத் தண்ணி குடுக்கிறவர், அவையின்ரை பக்கம்தான் நிப்பார்’ என்று எங்கள் பெற்றோர் சிலர் முணுமுணுத்தார்கள். எங்களுக்கும் அவர்தான் தண்ணீர் தருகிறார் என்பது அந்த நேரத்தில் யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

என் அணியின் தலைவி டிலானி. உயர்தரப் பரீட்சை எழுதும் வருடம். அவளுக்கு இதுதான் கடைசிச் சந்தர்ப்பம். “சேர், ஒருக்காவாவது மாகாணத்துக்குப் போவம்” என்று ஒன்பதாம் வகுப்பிலிருந்து என்னிடம் சொல்லி வருகிறாள். நானும் ஒவ்வொரு வருடமும் ஓம் ஓம் என்று சொல்லி வருகிறேன்.

அன்று வெயில் கண்ணைக் குத்தியது. பவுசர் அண்ணைக்கும் நல்ல நாள் இல்லை. பந்தை மாறிக் கொடுத்தார், ஒன்று. அவசரப்பட்டு ஊதி ஒரு நல்ல ஓட்டத்தை நிறுத்தினார், இரண்டு. ஓடி வந்த பிள்ளைக்குக் குறுக்கே நின்று அவளை விழுத்திவிட்டார், மூன்று. அந்தப் பிள்ளையைத் தூக்கிவிட்டு மன்னிப்பும் கேட்டார். நாலாவது, என் சத்தத்தால் வந்தது. கத்தினேன், யோசித்தார், கையை உயர்த்தினார். வலது கையில் ஒரே ஒரு றப்பர் பான்ட் மிஞ்சியது. அவ்வளவு பெரிய கூட்டம் அந்த ஒரு றப்பர் பான்டையே பார்த்துக்கொண்டிருந்தது.

கடைசிச் செக்கன்கள். அவர்கள் நாற்பது, நாங்கள் முப்பத்தெட்டு. டிலானி தூரத்தில், வளைவுக் கோட்டடியில் நின்று பந்தை எறிந்தாள். அது வளையத்தில் ஒரு சுற்றுச் சுற்றி உள்ளே விழுந்தது. நேரமும் முடிந்தது. பவுசர் அண்ணை இரண்டு கையையும் தூக்கி மூன்று விரல் காட்டினார். வளைவுக்கு வெளியே நின்று எறிந்தால் மூன்று புள்ளி. நாற்பத்தொன்றுக்கு நாற்பது. நாங்கள் வென்றுவிட்டோம். நான் யாரைக் கட்டிப்பிடித்தேன் என்று எனக்குத் தெரியாது. அது அதிபர் என்று பிறகு சொன்னார்கள்.

சத்தம் அடங்கியபோது பவுசர் அண்ணை டிலானியின் முன்னால் குந்தியிருந்தார். அவளுடைய சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சப்பாத்து முனையில் சுண்ணாம்பு.

“பிள்ளை, எறிஞ்ச இடத்தில ஒருக்கா நில்லுங்கோ பாப்பம்.”

டிலானி போய் நின்றாள். காலையில் அவரே கயிறு பிடித்து இழுத்த கோடு, சப்பாத்து முனை அளவுக்கு அழிந்திருந்தது. அவள் காலைச் சரியாக அந்த அழிந்த இடத்திலேயே வைத்தாள். கொஞ்சம் தள்ளி வைத்திருக்கலாம். வைக்கவில்லை.

“கோட்டில நிண்டிட்டன் போல, அண்ணை” என்றாள்.

கோட்டில் கால் பட்டால் இரண்டு புள்ளிதான். அவர் எழும்பி மேசைக்கு இரண்டு விரல் காட்டினார். நாற்பதுக்கு நாற்பது. எங்கள் பக்கம் செத்த வீடு ஆனது. பிறகு அவர் நிமிர்ந்து நின்று மறுபடியும் கையை உயர்த்தினார்.

“நடுவர். அஞ்சு.”

கடைசி றப்பர் பான்டும் இடது கைக்குப் போனது. கழுத்திலிருந்த விசிலைக் கழற்றிக்கொண்டு கோட்டுக்கு வெளியே நடந்தார். “போகாதேங்கோ அண்ணை” என்று யாரோ ஒரு தாய் சொன்னா. நாலு தரம் எழுதிய மேசைப் பிள்ளைக்கு ஐந்தாவதை எழுதக் கை வரவில்லை. சமநிலை என்றால் இன்னும் ஐந்து நிமிடம் ஆட வேண்டும். அன்று பவுசர் அண்ணையோடு சேர்ந்து நின்ற மற்ற நடுவர் புதிதாக வந்த இளம் ஆசிரியர். “தனிய என்னால ஏலாது” என்று அவர் கையை விரித்தார்.

பவுசர் அண்ணை பவுசரடிக்குப் போய்ப் பைப்பைத் திறந்து விசிலை நன்றாகக் கழுவினார். சேட்டில் துடைத்தார். நேராக என்னிடம் வந்து நீட்டினார்.

“இவ்வளவு காலமும் வெளியில நிண்டு ஊதினீங்கள் சேர். கொஞ்சம் உள்ளுக்கு வாங்கோ.”

“அண்ணை, இது என்ரை பள்ளிக்கூடம். நான் எப்பிடி? சிஸ்டர் விடமாட்டா.”

சிஸ்டர் முதல் தடவையாகக் கதிரையை விட்டு எழும்பினா. என்னை மேலும் கீழும் பார்த்தா.

“அவர் தாறார் எண்டால் எனக்குச் சரி, சேர். ஆனா நான் பாத்துக்கொண்டுதான் இருப்பன்.”

உள்ளே போனேன். ஐயோ, அந்த ஐந்து நிமிடம். வெளியே நிற்கும்போது எனக்கு எல்லாமே தெரிந்தது. உள்ளே போனதும் பத்துப் பிள்ளைகள், இருபது கை, ஒரு பந்து, அந்தப் பந்துதான் கண்ணுக்குத் தெரியவில்லை. முதல் தடவை ஊதியபோது விசிலில் வெறும் காற்றுத்தான் வந்தது. இரண்டாம் தடவை, நான் ஏன் ஊதினேன் என்று எனக்கே விளங்கவில்லை. பிள்ளைகள் நின்று என் முகத்தைப் பார்த்தார்கள். “சும்மா, தொடங்குங்கோ” என்றேன். இந்த வேலையை ஒரு மனுசன் இத்தனை வருடம் செய்து, ஒரு ஆட்டத்தில் ஒன்றோ இரண்டோ பிழைதான் விட்டிருக்கிறான் என்று நினைத்தபோது எனக்குத் தலை சுற்றியது. நான் முதல் நிமிடத்திலேயே ஐந்தைத் தாண்டியிருப்பேன்.

நாற்பத்து நாலுக்கு நாற்பத்து நாலு. இன்னும் பன்னிரண்டு செக்கன். என் கண்ணுக்கு முன்னால் பந்து பக்கக் கோட்டைத் தாண்டி வெளியே போனது. எங்கள் பக்கம் கையைக் காட்டினேன். டிலானி பந்தை எடுக்க ஓடினாள். அப்போதுதான், நான் கண்டது எனக்கு விளங்கியது. வெளியே போக முன்னம் அந்தப் பந்து டிலானியின் விரல் நுனியில் பட்டது. மற்ற நடுவர் மைதானத்தின் அந்தப் பக்கத் தொங்கலில் நின்றார். சிஸ்டரின் பக்கம் டிலானியின் முதுகு. வேறு யாரும் கண்டிருக்க முடியாது. பவுசர் அண்ணை எங்கோ என் பின்னால் நின்றார். நான் திரும்பிப் பார்க்கவில்லை, பார்க்கப் பயம்.

விசில் இந்தத் தடவை நன்றாகக் கேட்டது. கையை மற்றப் பக்கம் மாற்றிக் காட்டினேன். மேசையைப் பார்த்துக் கையை உயர்த்தினேன்.

“நடுவர். ஒண்டு.”

“சேர்?” என்றாள் டிலானி. அவ்வளவுதான். பந்தை எதிரணிப் பிள்ளையிடம் கொடுத்தாள். அந்தப் பிள்ளை உள்ளே எறிந்தாள், இன்னொரு பிள்ளை வாங்கிக் கூடைக்குள் போட்டாள், நேரம் முடிந்தது. நாற்பத்தாறுக்கு நாற்பத்து நாலு. மாகாணத்துக்கு அவர்கள் போனார்கள்.

அதிபர் ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை. பெற்றோர் சங்கத்தில் என் உயரத்தைப் பற்றிக்கூடக் கேள்வி கேட்டார்கள். டிலானி அன்று அழுது முடித்து, முகம் கழுவிக்கொண்டு வந்து என் பக்கத்தில் நின்றாள்.

“என்ரை விரல்லதான் பட்டது சேர். எனக்குத் தெரியும். நீங்கள் சொல்லாட்டி நான் சொல்லியிருப்பனோ தெரியேல்லை.”

அதைக் கேட்டு எனக்கும் அழுகை வந்தது. வெயிலென்று சொல்லிச் சமாளித்தேன்.

விசிலைத் திருப்பிக் கொடுக்கப் பவுசரடிக்குப் போனேன். சிஸ்டரின் பிள்ளைகள் பைப்படியில் வரிசையாக நின்று போத்தல்களில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் பிள்ளைகளும் அதே வரிசையில் நின்றார்கள். பவுசர் அண்ணை தன் கையிலிருந்து ஒரு றப்பர் பான்டைக் கழற்றி, என் இடது கையைப் பிடித்துப் போட்டுவிட்டார்.

“இன்னும் நாலு கிடக்கு சேர். ஒரே நாளில முடிச்சுப் போடாதேங்கோ.”

அந்த றப்பர் பான்ட் இரண்டு மாதத்தில் வெடித்து அறுந்துவிட்டது. பிறகு நானும் நடுவர் சோதனை எழுதினேன். முதல் தடவை தவறி, இரண்டாம் தடவை சித்தியடைந்தேன். இப்போது அவரும் நானும் சேர்ந்து போட்டிகளுக்கு நிற்கிறோம். வெளியே நின்று என்னைத் திட்டும் ஆசிரியர்கள் நாலைந்து பேர் இருக்கிறார்கள். அவர்கள் கத்துவதை நான் எண்ணுகிறேன்.

சில நாட்களில் பள்ளிக்கூடம் விட்டு நான் மோட்டார் சைக்கிளில் வரும்போது, பரந்தன் சந்தியில் பவுசர் எதிரே வரும். அவர் கோர்ன் அடிக்கமாட்டார், சிரிக்கவும்மாட்டார். யன்னலுக்கு வெளியே வலது கையை நீட்டிக் காட்டுவார், ஐந்து றப்பர் பான்டும் அதிலேயே கிடக்கும். நானும் வண்டியை ஓரங்கட்டி, ஐந்து றப்பர் பான்ட் கிடக்கும் என் வலது கையைத் தூக்கிக் காட்டுவேன். அந்தப் பவுசர் கண்ணுக்கு மறையும் வரைக்கும் கையை இறக்க எனக்கு மனம் வருவதில்லை.